புல்லட்டின் பிறந்தகம்

கட்டிக் கொடுத்த இடத்தில் பெண்ணுக்கு ஒரு குறை நேர்ந்தால் பிறந்தகத்துக்குச் சொல்லி அனுப்புவது நம் வழக்கம். நம் வீட்டு மோட்டார் சைக்கிளுக்குக் குறை நேர்ந்தபோது நாமும் அதையே செய்தோம். சொல்லி அனுப்பாமல் நேரிலேயே புறப்பட்டுப் போனோம் என்பதுதான் வித்தியாசம். அதன் பிறந்தகம் இங்கிலாந்து தேசத்தில், பர்மிங்ஹாம் நகரத்துக்குத் தெற்கே உள்ள ரெட்டிச் என்னும் ஊர்.

வண்டி நம் தகப்பனார் 1956ஆம் வருஷத்தில் வாங்கிய ராயல் என்பீல்டு புல்லட்; 350 சி.சி. ரகம். சென்னையை அடுத்த திருவொற்றியூரில் தொழிற்சாலை அப்போதுதான் ஏற்பட்டிருந்தது. ரெட்டிச்சிலிருந்து பாகங்கள் கப்பலில் வரும், இங்கே பூட்டுவார்கள். ஆகையால் அது சீமை வண்டியா, சென்னை வண்டியா என்று தகப்பனாருக்கும் சிற்றப்பாவுக்கும் ஓயாத தர்க்கம் நடந்ததுண்டு. இருவரும் காலமாகிவிட்டார்கள். தர்க்கம் மட்டும் முடிவு பெறாமல், வண்டியோடு சேர்ந்து கொட்டகையில் கிடந்தது.

வீட்டில் அபிப்பிராய பேதம் இல்லாமல் இல்லை. "காயலான் கடையில் நிறுத்துப் போட்டால் இடமாவது மிச்சமாகும்" என்றாள் நம் இல்லாள். பையனோ, வண்டியை வைத்துக்கொள்ளலாம், ஆனால் வேகத்தைக் கூட்டவேண்டும் என்றான். அதிக அழுத்தம் தரும் பிஸ்டன், பெரிய கார்புரேட்டர், பந்தய வண்டிகளுக்கு உரிய கேம் என்று ஒரு ஜாபிதா எழுதியும் கொடுத்தான். நமக்கு இருந்த ஆசை ஒன்றுதான்: தகப்பனார் காலத்தில் தெருமுனையில் கேட்டவுடனே நாம் பாடப் புத்தகத்தைத் தேடி ஓடிய அந்தச் சப்தத்தை மறுபடி ஒரு முறை கேட்கவேண்டும்.

குறைகள் மூன்று. முதலாவது, ஆமல் 'மானோபிளாக்' கார்புரேட்டர். அதற்குள் ஏறி இறங்கும் ஸ்லைடு தேய்ந்து, தேய்ந்த சந்தில் காற்றுப் புகுந்து, என்ஜின் நிதானமாக நின்று ஓடாமல் திணறிற்று. இரண்டாவது, கியர் பெட்டியில் ஒரு சக்கரத்துக்குப் பல் உடைந்திருந்தது. மூன்றாவது, ஒரே ஒரு நட்.

இந்த நட்டின் சரித்திரத்தைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். பழைய இங்கிலீஷ் மோட்டார் சைக்கிள்களின் திருகுகள் பலவற்றுக்குச் 'சைக்கிள் மரை' என்று பெயர். சைக்கிள் செய்தவர்களே பிற்பாடு மோட்டார் சைக்கிளும் செய்ததால் வந்த பெயர் அது. அங்குலத்துக்கு 26 மரை. 5/16 அங்குலத் திருகின் குறுக்களவு மில்லிமீட்டர் கணக்கில் 7.94. இக்காலத்து 8 மில்லிமீட்டர் நட்டுகளில் பொடிமரை ரகம் ஒன்று உண்டு. அதற்கு மில்லிமீட்டருக்கு ஒரு மரை, அதாவது அங்குலத்துக்கு 25.4. இரண்டும் கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள் போலத் தோன்றும். ஒன்றின் மேல் மற்றதைத் திருகினால் முதலில் இரண்டு சுற்று சமர்த்தாக ஏறும். பிறகு இறுகும். "துருவாக இருக்கும்" என்று எண்ணி ஸ்பானரால் பலவந்தம் செய்தால் மரை போய்விடும். சென்னையில் ஒரு கடைக்காரர் நமக்கு அந்த இரட்டைப் பிள்ளையைத்தான் கொடுத்தார். நாமும் பலவந்தம் செய்தோம். ஒரு காசு நட்டால் கியர் பெட்டியின் ஸ்டட் பாழாயிற்று. நம் அறியாமையைக் கடைக்காரர் தலையில் போட்டுவிட்டு, "பிறந்தகத்துக்கே போய்க் கேட்போம்" என்று வீரம் பேசினோம். நம் மருமான் பர்மிங்ஹாமில் உத்தியோகம் பார்ப்பதால் வீரம் பேசுவது சுலபமாயிற்று.

பர்மிங்ஹாமுக்கு 'ஆயிரம் தொழில்களின் நகரம்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. துப்பாக்கி, பேனா முள், பொத்தான், சைக்கிள் எல்லாம் ஒரு காலத்தில் இங்கிருந்துதான் உலகத்துக்குப் போயின. மோட்டார் சைக்கிளுக்கு இந்நகரமும் சுற்று வட்டாரமும் காசி க்ஷேத்திரம் போல. ஸ்மால் ஹீத்தில் பி.எஸ்.ஏ., ஆஸ்டனில் நார்ட்டன், ஹால் கிரீனில் வெலோஸெட், பக்கத்துக் காவென்ட்ரியில் டிரையம்ப்.

முதல் நாள் மருமான் நம்மை ஸ்மால் ஹீத்துக்கு அழைத்துச் சென்றான். பி.எஸ்.ஏ. என்பதன் விரிவே பர்மிங்ஹாம் சிறு ஆயுதக் கம்பெனி என்பதுதான். 1861இல் துப்பாக்கித் தொழிலாளர்கள் கூடி ஆரம்பித்த ஸ்தாபனம் அது. தொழிற்சாலை இருந்த வீதிக்கு ஆயுதசாலை வீதி என்றே இன்றும் பெயர். 1940 நவம்பர் 19ஆம் தேதி இரவு ஜெர்மன் விமானங்கள் போட்ட குண்டுகளால், வேலையில் இருந்த 53 தொழிலாளர்கள் இங்கே மாண்டார்கள். அதற்குப் பிறகும் தொழிற்சாலை நின்றுவிடவில்லை. யுத்தம் முடிவதற்குள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட எம்-20 ரக வண்டிகளைப் படைகளுக்குக் கொடுத்தது. குண்டுக்குத் தப்பிய ஸ்தாபனம் சமாதானத்துக்குத் தப்பவில்லை. ஜப்பானிய வண்டிகள் எண்ணெய் கசியாமலும், ஒரு பொத்தானை அழுத்தினால் கிளம்பும்படியும் வந்தபோது, இங்கே பழைய கருவிகளையும் பழைய வரைபடங்களையும் வைத்துக்கொண்டு காலம் தள்ளினார்கள். 1973இல் பி.எஸ்.ஏ. வேறு கம்பெனியோடு சேர்க்கப்பட்டது. பிறகு தொழிற்சாலை இடிக்கப்பட்டது. நாம் போய் நின்றபோது அங்கே பார்ப்பதற்கு அதிகம் இல்லை. மழை தூறிக்கொண்டிருந்தது.

மறுநாள் மெரிடனுக்குப் போனோம். காவென்ட்ரித் தொழிற்சாலை 1940இல் குண்டுக்கு இரையான பிறகு டிரையம்ப் கம்பெனியார் குடியேறிய இடம் அது. பிற்காலத்தில் கம்பெனி நொடித்தபோது தொழிலாளர்களே கூட்டுறவு முறையில் அதை ஏற்று, 1983 வரையில் நடத்திப் பார்த்தார்கள். இன்று அந்த நிலத்தில் அழகான வீடுகள் இருக்கின்றன. தெருப் பலகையைப் படித்தோம்: 'பானவில்.' புகழ் பெற்ற டிரையம்ப் வண்டியின் பெயர்! டிரையம்ப் என்ற பெயர் ஹிங்க்லி என்னும் வேறோர் ஊரில் புதிய தொழிற்சாலையில் பிழைத்துக்கொண்டது உண்மைதான். ஆனாலும் வண்டி ஓடிய ஊரில் அதன் பெயர் தெருவாகப் படுத்திருப்பதைக் கண்டபோது மனம் என்னவோ செய்தது.

"மாமா, தொழிற்சாலை ஒன்றுகூட இல்லையே! சாமான் எங்கே கிடைக்கப்போகிறது?" என்றான் மருமான். நம் மனத்திலும் அதே கேள்விதான்.

அதற்கு விடை சொல்லத் தொடங்கியது நகரத்துக்கு வெளியே உள்ள தேசிய மோட்டார் சைக்கிள் காட்சிசாலை. 2003 செப்டம்பர் மாதத்தில் இங்கே பெருந்தீ மூண்டது. வந்திருந்தவர்களும் சிப்பந்திகளும் கையால் தள்ளிக்கொண்டு வந்து காப்பாற்றியவை போக, ஏறத்தாழ 380 வண்டிகள் எரிந்து போயின. அவற்றில் பல உலகத்தில் வேறெங்கும் காணக் கிடைக்காதவை. அடுத்த ஆண்டு டிசம்பரிலேயே காட்சிசாலை மறுபடி திறந்துவிட்டது. எரிந்த வண்டிகள் பல இன்று பளபளவென்று நிற்கின்றன. மூடிப்போன தொழிற்சாலைகளின் வண்டிகளுக்கு உயிர் கொடுத்தது யார்?

கொடுத்தவர்களை ஸ்டாபோர்டில் கண்டோம். பர்மிங்ஹாமுக்கு வடக்கே ரெயிலில் சிறிது தூரம். வருஷத்துக்கு இரண்டு முறை ஊருக்கு வெளியே உள்ள மைதானத்தில் பழைய மோட்டார் சைக்கிள்களுக்கு ஒரு பெருங்கூட்டம் கூடுகிறது. அதைச் சந்தை என்றும் சொல்லலாம், திருவிழா என்றும் சொல்லலாம். நம் புதுப்பேட்டையை அப்படியே பெயர்த்துக் கொண்டுபோய், குளிரில் வைத்து, நடுவே தேநீர்க் கடைகளைப் போட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. தரையில் விரித்த தார்ப்பாயில் துருப்பிடித்த மட்கார்டுகள், மரப்பெட்டிகளில் வால்வுகள், பிஸ்கோத்துத் தகரங்களில் நட்டுகள். குனிந்த முதுகுகளைத்தான் எங்கும் பார்த்தோம், முகங்களை அல்ல.

இங்கே சாமான் வாங்குவதற்கு ஒரு சாஸ்திரம் உண்டு. "என் வண்டிக்கு ஒரு கியர் வேண்டும்" என்று கேட்பவனுக்கு ஒன்றும் கிடைக்காது. வண்டியின் வருஷம், என்ஜின் நம்பர், பாகத்தின் பட்டியல் நம்பர் மூன்றையும் சொல்லவேண்டும். பழைய பாகத்தையும் கையில் கொண்டுவர வேண்டும். அளப்பதற்கு வெர்னியர், மரையைப் பார்க்க மரைச் சீப்பு இரண்டும் சட்டைப் பையில் இருக்கவேண்டும். அன்றைய கம்பெனி செய்து விற்காமல் போன பழைய சரக்கு உண்டு. அதற்கு விலை அதிகம். பிற்காலத்தில் அதைப் பார்த்துச் செய்த நகல் உண்டு. நகலிலும் நல்லது உண்டு, போலி உண்டு. வரைபடத்தைப் பார்த்துச் செய்தது நல்லது. தேய்ந்த பாகத்தைப் பார்த்துச் செய்தது போலி. தேய்ந்ததை அளந்து செய்தால், பிறக்கும்போதே தேய்மானத்தோடு பிறக்குமல்லவா?

ஸ்பானர் வாங்கப் போய் இன்னொரு பாடம் கற்றோம். விட்வொர்த் ஸ்பானரில் பொறித்திருக்கும் எண் அதன் வாயின் அகலம் அல்ல. உள்ளே போகும் போல்ட்டின் குறுக்களவு. திருகுகளுக்கெல்லாம் ஒரே அளவுத் திட்டம் வேண்டும் என்று 1841இல் வகுத்துக் கொடுத்த ஜோசப் விட்வொர்த் என்னும் மேதை, நம்மைப் போன்றவர்களைச் சிறிதும் எண்ணிப் பார்க்கவில்லை போலும்.

கார்புரேட்டர் சுலபமாகவே கிடைத்தது. ஆமல் கார்புரேட்டர்களை இப்போது ஸாலிஸ்பரி நகரத்தில் புதிதாகவே செய்கிறார்கள். மானோபிளாக் முழுசாகவும் கிடைக்கிறது. உள்ளே உள்ள ஸ்லைடு, ஊசி, ஜெட் எல்லாம் தனித்தனியாகவும் கிடைக்கின்றன.

பிறகு பையனுடைய ஜாபிதாவை எடுத்துக்கொண்டு ஒரு பெரியவர் கடையில் நின்றோம். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மேஜையில் என்பீல்டு சாமான்களாகவே பரப்பியிருந்தார். ஜாபிதாவை நிதானமாகப் படித்துவிட்டு, "பிரேக்கு என்ன ஐயா?" என்று கேட்டார்.

"பழைய டிரம் பிரேக்குத்தான்."

"அப்படியானால் முதலில் நிற்கக் கற்றுக்கொடுங்கள், ஓடுவதைப் பிறகு பார்க்கலாம்" என்றார். பிறகு ஒரு பிஸ்டனைக் கையில் எடுத்து விளக்கினார். யுத்தத்துக்குப் பின் கிடைத்த மட்டமான பெட்ரோலுக்காக அக்காலத்து வண்டிகளில் அழுத்த விகிதத்தைக் குறைவாகவே, ஆறரைக்கு ஒன்று என்ற கணக்கில், வைத்தார்கள். எட்டரைக்கு ஒன்று தரும் பிஸ்டனைப் போட்டால் சக்தி கூடும், வாஸ்தவந்தான். அந்தச் சக்தி எல்லாம் கானெக்டிங் ராடின் அடிமுனையில் போய் விழும். புல்லட்டில் அந்த இடத்தில் உருளை பேரிங் இல்லை. எண்ணெயில் மிதக்கும் ஒரு புஷ் இருக்கிறது. எண்ணெய் பம்பு புதிதாக இருக்கவேண்டும், குழாய்கள் சுத்தமாக இருக்கவேண்டும், கிராங்கு நேராக இருக்கவேண்டும். இத்தனையும் இல்லாமல் பிஸ்டனை மட்டும் மாற்றுவது, பட்டினி கிடக்கும் மாட்டின் மேல் பாரம் ஏற்றுவதற்கு ஒப்பாகும். "வேகம் கூட்டும் சாமான் எல்லாவற்றுக்கும் முந்திய சாமான், சரியான அளவில் பூட்டிய பழைய சாமான்தான்" என்று முடித்தார். விற்க வந்தவர் விற்காமல் அனுப்பிய அதிசயத்தை அன்று கண்டோம்.

உடைந்த பல்சக்கரத்தை அவரிடம் காட்டினோம். பெரியவர் மேஜைக்குக் கீழே இருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். மஞ்சளித்துப் போன காகிதத்தில் அச்சிட்டிருந்ததைப் படித்தோம், மறுபடியும் படித்தோம். என்பீல்டு இந்தியா, மெட்ராஸ்!

"நீங்கள் எந்த ஊர்?" என்றார் பெரியவர்.

"இதே ஊர்" என்று பொட்டலத்தைக் காட்டினோம்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவருடைய சொந்த வண்டி 1959இல் ரெட்டிச்சில் செய்தது. ரெட்டிச் மூடிய பிறகு நாற்பது வருஷங்களுக்கு மேலாக அதற்கு வேண்டிய சாமானில் பாதி சென்னையிலிருந்துதான் வந்ததாம். தாய்த் தொழிற்சாலை 1957இல் புல்லட்டின் அச்சுகளையும் கருவிகளையும் திருவொற்றியூருக்கு விற்றது. 1962க்குள் எல்லாப் பாகமும் இங்கேயே செய்யத் தொடங்கினோம். இங்கிலாந்தில் புதுப் புது மாடல்களை எண்ணிக் கைவிட்ட வண்டியை, நாம் கைவிடாமல் செய்துகொண்டே இருந்தோம். 1977 முதல் சென்னைப் புல்லட் இங்கிலாந்துக்கே கப்பலேறிற்று. பிறந்தகத்திலிருந்து பெண்ணுக்குச் சீர் வருவது உலக வழக்கம். பெண் பிறந்தகத்துக்குச் சீர் அனுப்பிக் கிழத் தகப்பனைக் காப்பாற்றிய கதை இது.

கடைசி நாள், வந்த காரியத்தை முடிக்காமல் போவானேன் என்று ரெட்டிச்சுக்கு ரெயில் ஏறினோம். பர்மிங்ஹாமிலிருந்து போகும் அந்தப் பாதை ரெட்டிச்சோடு முடிந்துவிடுகிறது. ரெட்டிச் ஊசிக்குப் பேர் போன ஊர். நம் பாட்டிமார் தைத்த ஊசிகள்கூட இங்கிருந்து வந்தவையாக இருக்கலாம். மெல்லிய ஊசியை நேராக இழுக்கக் கற்ற கைகள்தாம் பிறகு சைக்கிள் செய்தன. 1901இல் மோட்டார் சைக்கிளும் செய்தன. 1967இல் தொழிற்சாலை மூடப்பட்டது. பிராட்போர்டு-ஆன்-ஏவன் என்னும் ஊரில் பூமிக்கு அடியில், கல் வெட்டிய குகைகளில் இருந்த கிளை மட்டும் 1970 வரை மூச்சு விட்டது. ரெட்டிச்சில் தொழிற்சாலை இருந்த இடம் இன்று சிறு சிறு பட்டறைகளின் வளாகமாக இருக்கிறது. அதற்கு என்பீல்டு என்ற பெயரை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறார்கள்.

வாசலில் நின்று யோசித்தோம். வண்டி பிழைத்தது இரண்டு வழியாக என்று தோன்றிற்று. ஒன்று, நம் ஊர் வழி: விடாமல் செய்துகொண்டே இருப்பது. மற்றொன்று இவர்கள் ஊர் வழி: கூடிக் காப்பது. 1946இல் ஏற்பட்ட பழைய மோட்டார் சைக்கிள் சங்கத்தார், மூடிய கம்பெனிகளின் பதிவேடுகளைச் சேகரித்து வைத்திருக்கிறார்கள். ஸ்டீவனேஜ் நகரத்து வின்சென்ட் கம்பெனி 1955இல் மோட்டார் சைக்கிள் செய்வதை நிறுத்திவிட்டது. அவ்வண்டிகளை வைத்திருப்பவர்கள் பணம் போட்டுச் சாமான் செய்யத் தனிக் கம்பெனியே ஏற்படுத்தினார்கள். தாங்கள் செய்த சாமான்களைக் கொண்டே ஒரு வண்டியை முழுசாகப் பூட்டியும் காட்டினார்கள். தொழிற்சாலை என்பது கட்டடம் அல்ல, அளவு. அளவைக் காப்பாற்றுகிறவன் எவனோ அவன் கையில்தான் தொழில் இருக்கிறது.

சென்னை திரும்பியதும் புதுப்பேட்டைக்குப் போனோம். இம்முறை "நட் கொடு" என்று கேட்கவில்லை. "5/16 சைக்கிள் மரை, அங்குலத்துக்கு 26" என்றோம். சந்துக்குள் லேத்து வைத்திருந்த ஒரு முதியவர் கண்ணாடியை உயர்த்தி நம்மைப் பார்த்தார். "இப்படிக் கேட்டு எத்தனை வருஷமாச்சு சார்!" என்று சொல்லி, எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்த டேப்பையும் டையையும் எடுத்தார். ஸ்டட் ஒன்று, நட் ஒன்று. அரை மணியில் முடிந்தது. பத்து நிமிஷ நடையில் இருந்ததைத் தேடிக் கடல் கடந்து போயிருக்கிறோம். ஆனால் போகாவிட்டால் என்ன கேட்பது என்று தெரிந்திருக்காது.

ஸ்டாபோர்டுப் பெரியவர் கொடுத்த சென்னைச் சக்கரத்தையும், ஸாலிஸ்பரி ஸ்லைடையும், புதுப்பேட்டை ஸ்டட்டையும் பூட்டினோம். நட்டைப் பையன் கையில் கொடுத்து, "ஸ்பானர் வேண்டாம், விரலால் திருகு" என்றோம். முதல் மரையிலிருந்து கடைசி மரை வரையில் அது வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. பையன் அதைக் கழற்றி, மறுபடியும் ஒரு முறை திருகிப் பார்த்தான். ஜாபிதாவைப் பற்றி அவனும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை.

நாலாவது உதையில் வண்டி கிளம்பிற்று. சமையலறையில் பாத்திரம் கழுவும் சப்தம் நின்றது. இல்லாள் ஈரக் கையோடு வாசற்படிக்கு வந்து சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "உங்கள் அப்பா வந்துவிட்டார் போலிருக்கிறதே!" என்றாள்.

காயலான் கடைப் பேச்சு அதற்குப் பிறகு நம் வீட்டில் எழவில்லை. தகப்பனார், சிற்றப்பா தர்க்கத்துக்கும் ஒருவாறு முடிவு கண்டுவிட்டோம். வண்டி பிறந்தது எங்கே என்பதைப் பற்றிக் கவலையில்லை. அதன் அளவு தெரிந்தவன் எந்த ஊரில் இருக்கிறானோ, அந்த ஊர் வண்டி அது. மிச்சமான நட்டுகளை ஒரு தகரத்தில் போட்டு, மேலே "அங்குலத்துக்கு 26" என்று பையன் தன் கையால் எழுதி ஒட்டியிருக்கிறான்.